குறட்டையில் போட்ட முதலீடு

ஜூன் 7, சனி

இன்று சயனா மெடிக்கல்ஸ் பங்கு வாங்கினோம். எதை வாங்கினாலும் ஏன் வாங்கினோம் என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் விலை ஏறினால் ஒரு கதையும் இறங்கினால் ஒரு கதையும் நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம் என்று சங்கத்தில் விதி கொண்டுவந்தவள் நான்தான். ஆகவே எழுதுகிறேன்.

முறைப்படி உறுப்பினர்களிலிருந்து தொடங்க வேண்டும். சனிக்கிழமைச் சங்கத்தில் நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் கோயம்புத்தூரில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு. தலைவி நான், வசந்தாமணி. பிளஸ் டூவுக்கு வணிகவியல் நடத்திக்கொண்டிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். கீழ்வீட்டு தாட்சாயணி, எந்தப் பங்கை வாங்கினாலும் மறுநாளே விற்றுவிடலாமா என்று கேட்பவள். எதிர்வீட்டு ரெஜினா தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவள். கேட்டால் மட்டும் பேசுவாள்.

சயனா ஓசூர்க் கம்பெனி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, மூக்குக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியும் அதற்கான முகமூடியும் செய்கிறார்கள். அந்த நோய்க்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. ஆள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தூங்குகிறார். விடிய விடிய இதேதான். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார்.

இந்தக் கம்பெனி என் கண்ணில் பட்டதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். பெயர் நாச்சிமுத்து, நஞ்சப்பா ரோட்டில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். அவர் குறட்டை, தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடுவது போல இருக்கும். நான் வேலையை விட்டதே அதனால்தான். மத்தியானத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நிற்க முடியாத அசதி. தூக்கம் கெட்டவளுக்கு வேறென்ன வரும்? ஒரு நாள் கோபத்தில் குறட்டை என்று கூகிளில் தேடினேன். நோய் வந்தது, அதன் பின்னாலேயே சயனாவும் வந்தது.

தனக்கு நோய் இருப்பதே தெரியாதவன் எப்படிக் கருவி வாங்குவான் என்று தாட்சாயணி கேட்டாள். பெண்டாட்டி கூட்டிக்கொண்டு வருவாள் என்றேன். நாட்டில் பெண்டாட்டிகளுக்குக் குறைவில்லை, ஆகையால் சந்தைக்கும் குறைவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

அதற்குப் பிறகு நான் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் இருவரும் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டிருந்தார்கள். தலைவிக்கு மரியாதை குறைந்துகொண்டு வருகிறது.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் தலைவலி. வழக்கம்தான். இவர் பல் விளக்கிக்கொண்டே வந்து, நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டார். தினமும் கேட்கிறார். வீட்டுக்குள் இரவெல்லாம் மோட்டார் ஓட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் போல நலம் விசாரிக்கிறார்.

ஜூன் 16, திங்கள்

பொள்ளாச்சியில் இவருடைய மாமன் மகன் வீட்டுக் கல்யாணம். வேலையோடு வேலையாகச் சந்தை ஆய்வும் முடித்தேன். கழுத்துப் பெருத்த ஆண்களுக்கு இந்த நோய் அதிகம் என்று படித்திருந்ததால், கைப்பையில் ஜாக்கெட் அளவு எடுக்கும் டேப் கொண்டுபோயிருந்தேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பெரிய மாமாவிடம், ஊட்டியில் நல்ல கம்பளிச் சட்டை கிடைக்கிறது, உங்களுக்கும் ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டு, கழுத்தை அளந்தேன். பயங்கரமான கழுத்து. செய்தி பரவி, எனக்கும் எனக்கும் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். இந்த ஒரு கல்யாண மண்டபத்திலிருந்தே சயனாவுக்கு ஒரு லாரி சரக்குப் போகும். கம்பளிச் சட்டைக்கு என்ன பதில் சொல்வது என்று பிறகு யோசிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் இவருக்குச் சந்தேகம், முகூர்த்த நேரத்தில் நான் நாற்காலியில் தூங்கினேனாம். மேளச் சத்தம் தாங்காமல் கண்ணை மூடியிருந்தேன் என்றேன். தாலி கட்டியதைப் பார்த்தாயா என்றார். கல்யாணத்தில் தாலி கட்டுவார்கள் என்பது தெரிந்ததுதானே, அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஜூன் 24, செவ்வாய்

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. பால்காரர் தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஜூலை 5, சனி

சயனா சரிந்துவிட்டது. உடம்பைக் குறைக்கும் ஊசி ஒன்று வந்திருக்கிறதே, அதைப் போட்டு எடை குறைந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் குறைகிறது என்று ஏதோ ஆராய்ச்சி வெளிவந்திருக்கிறது. ஆளெல்லாம் மெலிந்துவிட்டால் முகமூடி யாருக்கு என்று சந்தை பயந்துவிட்டது. தாட்சாயணி காலையிலேயே படியேறி வந்துவிட்டாள்.

நம்மூர் ஆண்கள் ஊசிக்குப் பயப்படுவார்கள் என்று வாதாடினேன். ஊசி போட்டாலும் மறுநாள் பிரியாணிக்குப் போய்ச் சரிக்கட்டிவிடுவார்கள் என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. ஒல்லியாக இருப்பவர்களுக்கு இது வராதா, வருமென்றால் கம்பெனிக்குக் கவலையில்லையே என்றாள். நல்ல கேள்விதான். ஆனால் உண்மையை உண்மையாகச் சொல்ல வேண்டும் அல்லவா? ஒல்லியானவர்களுக்கு எதற்கு வரப்போகிறது, என்னையே பாரேன் என்றேன். ரெஜினா என்னையே பார்த்தாள்.

விற்க வேண்டாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நேரில் போய் நிர்வாக இயக்குநரையே கேட்டுவிடுவது என்று முடிவானது. நானும் ரெஜினாவும் போகிறோம்.

ஜூலை 20, ஞாயிறு

வாங்கும் முன் சரக்கைச் சோதித்துப் பார்ப்பது முதலீட்டாளர் கடமை. நான் வாங்கிய பிறகு சோதிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால், கருவி வாங்கி, அது எப்படி வேலை செய்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, இரண்டாவது முறை சோறு போடும்போது பேச்சை எடுத்தேன்.

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. "நான் வர்றேன் அம்மணி. நீயும் எடுத்துக்குவியா?" என்றார்.

எனக்கு எதற்கு என்றேன். நானும் குறட்டை விடுகிறேனாம். கூச்சமில்லாமல் சொல்கிறார். ஐம்பது கிலோவைத் தொடாத ஒரு பெண்மீது இப்படி ஓர் அவதூறு. அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டேன். குழம்பு மட்டும் வீணாகப் போனது.

இவர் தூக்கத்தில் என்னை இடிக்கிறார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். காலையில் எழுந்தால் இடது தோள் வலிக்கிறது. கட்டிலில் முக்கால்வாசி அவருக்குத்தான், மீதியையும் பிடிக்கப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. எலுமிச்சைச் சோற்றில் இரண்டு தடவை உப்பு போட்டிருக்கிறேன். தேங்காய்ச் சோற்றில் போடவே இல்லை. மொத்தத்தில் அளவு சரிதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஓசூரிலிருந்து திரும்பிவிட்டோம். அலுப்பாக இருந்தாலும் நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

ரயிலில் ரெஜினா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சேலம் தாண்டிப் பார்த்தால் எதிர் சீட்டில் இருந்தாள். காற்று வருகிறது என்றாள். எங்கள் பெட்டி ஏ.சி. பெட்டி.

கூட்டம் ஒரு ஓட்டல் மாடியில். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு டப்பாவில் சமோசாவும் முந்திரி கேக்கும் கொடுத்தார்கள். பாதிப் பேர் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நாங்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். நிர்வாக இயக்குநர் ஆறடி உயரம், மெலிந்த குரல். பக்கத்தில் கம்பெனியின் மருத்துவ ஆலோசகர், நரைத்த புருவத்தோடு ஒரு பெரியவர்.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். ஒரு பெண் ஓடிவந்து மைக்கைக் கொடுத்தாள். நான் தயார் செய்து வைத்திருந்தபடியே கேட்டேன். தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருக்கும் லட்சக்கணக்கானவர்களைக் கண்டுபிடிக்க இந்த நிர்வாகம் என்ன செய்திருக்கிறது, ஊசி வந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் போகிறீர்களா என்றேன். கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.

அவர் பதில் மிக நீளம். தாளைப் பார்த்தே படித்தார். அரங்கில் குளிர் வேறு. பதில் பாதியில் இருக்கும்போது மைக்கில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று நினைக்கிறேன். நான் கவனித்தபோது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். அரங்கில் சத்தமே இல்லை. முன்வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருத்துவ ஆலோசகர் மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் நின்று, ரெஜினாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ரெஜினாவின் கை என் தோள்மேல் இருந்தது.

என் கேள்வி அவர்களை அந்த அளவுக்கு உலுக்கிவிட்டது. பெரியவர் தன் கார்டைக் கொடுத்து, கோயம்புத்தூரில் தன் மாணவி ஒருத்தி இருப்பதாகவும் அவளை அவசியம் பார்க்கும்படியும் சொன்னார். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

பங்குதாரர்களை மதிக்கத் தெரிந்த நிர்வாகம். வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 30, சனி

எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் விதி என்றால் விதிதான்.

சங்கத்தில் ஓசூர் அறிக்கையை வாசித்தேன். மைக் கோளாறு என்ற இடம் வந்ததும் ரெஜினா கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். அவள் முந்திக்கொண்டு பேசி நான் பார்த்ததில்லை.

"மைக்குக்கு ஒண்ணும் இல்லீங்கக்கா. அது உங்க கையிலதான் இருந்துச்சு. மடியில வெச்சுட்டுத் தூங்கிட்டீங்க. ஹால் பூரா உங்க குறட்டைதான்."

தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். ரெஜினா சிரிக்கவில்லை.

"குறட்டைக்குச் சிரிச்சாங்கக்கா. நானும் சிரிச்சேன். அப்புறம் சத்தம் நின்னுருச்சு. மைக்குல ஒண்ணுமே வரல. அந்த டாக்டர் கையில வாட்சைப் பாத்துட்டே எறங்கி ஓடி வந்தாரு. நாந்தான் உங்களப் புடிச்சு உலுக்குனேன்."

ஏன் இரண்டு நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். இவர் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். நான் குறட்டை விடுவது உண்மையா என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே ஆமாம் என்றார். நடுவில் மூச்சு நிற்கிறதா என்றேன். பிசைவதை நிறுத்திவிட்டார்.

நான் வேலையை விடுவதற்கு முன்பிருந்தே அப்படித்தானாம். முதலில் என் குறட்டையில் விழித்துக்கொண்டு எரிச்சல்பட்டிருக்கிறார். பிறகு அது சட்டென்று நிற்கும்போதுதான் விழிப்பு வருமாம். மறுபடி மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பாராம். வரவில்லையென்றால் தோளில் கை வைத்து அசைப்பாராம். நான் ஒரு இழுப்பு இழுத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேனாம். விடிந்து நான் காபி போட எழுந்த பிறகுதான் இவர் அயர்ந்து தூங்குவாராம். நான் கேட்டு வந்த மோட்டார்ச் சத்தமெல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்துக் குறட்டைதான்.

"என்னையக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாமில்லீங்க, ஆஸ்பத்திரிக்கு?"

"கூப்பிட்டா அவதூறுங்கற. நீயா அந்தக் கம்பெனிய வாங்கறேன்னு வந்தப்ப சந்தோசமா இருந்துச்சு. படிச்ச பொம்பள, படிக்கப் படிக்கத் தன்னால புரிஞ்சுக்குவான்னு விட்டுட்டேன். நீ என்னடான்னா டேப் எடுத்துட்டு ஊர்க் கழுத்தெல்லாம் அளந்துட்டுத் திரியற."

மோர் ஊற்றினேன். கிண்ணத்துக்கு வெளியேதான் அதிகம் போயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

டாக்டர் மதுரவாணி, ஓசூர்ப் பெரியவரின் மாணவி. சிறு வயது, ஆனால் அவசரமில்லாமல் பேசுகிறாள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை. அதைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்க வேண்டும். இருவருக்கும் கொடுத்தனுப்பியிருந்தாள். இன்று முடிவு சொன்னாள்.

இவருக்கு வெறும் குறட்டை. மூச்சு ஒழுங்காகப் போய் வருகிறது. ராத்திரி சாப்பாட்டைக் குறைத்து ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்றாள்.

எனக்குத்தான் நோய். கடுமை என்ற கட்டத்தில் இருக்கிறேன்.

அந்த அறையில் நான் நடந்துகொண்டது பற்றி இவர் ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம். இயந்திரங்கள் மாறிப் போயிருக்கலாம், இவருடையதை எனக்குக் கட்டியிருக்கலாம் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். டாக்டர் பொறுமையாக வரைபடத்தைக் காட்டினாள். மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்த கோடு ஓர் இடத்தில் சமமாகப் படுத்துவிடுகிறது. பிறகு துள்ளி எழுகிறது. மறுபடி படுத்துவிடுகிறது. பக்கம் பக்கமாக அதேதான். சில இடங்களில் சமமான கோடு பாதியிலேயே துள்ளியிருந்தது. இங்கே இவர் அசைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஒல்லியாக இருக்கிறேனே என்றேன். தாடை சிறியதாக இருந்தாலும் பாதை அடைக்கும், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அதிகம் வரும் என்றாள். ஆண்கள் குறட்டை என்று வருகிறார்கள், பெண்கள் அசதி, தலைவலி, மறதி என்று வருகிறார்கள். தைராய்டு பார்ப்பார்கள், சத்து மாத்திரை கொடுப்பார்கள், மனக்கவலை என்பார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இப்படியே விட்டிருந்தால் ரத்தக் கொதிப்பு, இருதயம் என்று போயிருக்கும். எனக்குக் கொதிப்பு ஏற்கனவே தொடங்கியிருக்கிறது.

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அப்படியானால் கணக்கில் வராத நோயாளிகளில் பெண்கள் எவ்வளவு இருப்பார்கள் என்று கேட்டேன். டாக்டர் இவரைப் பார்த்தாள். இவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

அவமானம். சயனாவின் முகமூடி எனக்குப் பொருந்தவில்லை. டாக்டரின் உதவியாளர் இருந்த மூன்று அளவையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் பொள்ளாச்சி மாமாவின் முகத்துக்குச் செய்தது. மூக்கோரம் காற்றுப் பீறிட்டுக் கண்ணுக்குள் அடிக்கிறது. கடைசியில் போட்டிக் கம்பெனியின் சின்ன முகமூடிதான் ஒட்டிக்கொண்டது. பங்கு ஒரு கம்பெனியில், மூக்கு இன்னொரு கம்பெனியில்.

செப்டம்பர் 13, சனி

சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என் சொந்த மூக்கே எதிர்க் கட்சியில் இருப்பதால் சயனா பற்றி நடுநிலையாகப் பேச முடியாது, தலைமையை ரெஜினா ஏற்கட்டும் என்றேன். ரெஜினா மறுத்துவிட்டாள். தலைவி என்றால் பேச வேண்டும் என்பது அவள் பயம்.

தாட்சாயணி தன் பங்கை விற்று ஊசிக் கம்பெனியில் போடப்போகிறாளாம். போடட்டும். ஆனால் அவள் ஒன்று கேட்டாள். காலையில் தலைவலி வந்தால் அதுவும் இதுவாக இருக்குமா, டாக்டர் நம்பர் இருந்தால் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன்.

சயனா நிர்வாக இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கூட்டத்தில் தூங்கிய பங்குதாரர் நான்தான் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், படிக்காமல் விடமாட்டார் அல்லவா. நாட்டில் பாதிப் பேரின் முகத்தை மறந்துவிட்டு முகமூடி செய்கிறீர்கள், ஊசிக்குப் பயப்படுவதை விட்டு அளவு டேப்பை எடுங்கள் என்று எழுதினேன்.

செப்டம்பர் 17, புதன்

கருவி போட்டு முதல் இரவு. கழற்றி எறிந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மறுபடியும் கழற்றினேன். வாயைத் திறந்தால் காற்று வெளியே வந்து பேச்சே வேறு குரலில் கேட்கிறது. இவரைத் திட்டினேன். அந்தக் குரலில் திட்டியதைக் கேட்டு இவர் சிரித்துச் சிரித்துக் கட்டில் ஆடியது.

செப்டம்பர் 24, புதன்

டாக்டர் சொன்னபடி மத்தியானம் பத்திரிகை படிக்கும்போது சும்மா மாட்டிக்கொண்டு பழகுகிறேன். கூரியர்காரர் மணி அடித்தார். மறந்து அப்படியே கதவைத் திறந்துவிட்டேன். பார்சலை வாசலில் வைத்துவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கிவிட்டார்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் எழுந்ததும் ஏதோ தப்பாக இருந்தது. அடுப்பை அணைக்க மறந்தேனா, கதவைப் பூட்டவில்லையா என்று வீடெல்லாம் சுற்றி வந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காபி குடிக்கும்போதுதான் புரிந்தது. தலை வலிக்கவில்லை.

இவர் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கருவி ஓடுகிறது, என் மூச்சு சீராக வருகிறது, ஆனாலும் இவருக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். கருவி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பழக்கம் போகக் கொஞ்ச காலம் ஆகும் என்றாள் டாக்டர், போனில். மோட்டார் ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவர், ஓடுகிற எதையும் நம்பமாட்டார் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் நான் சுட்டேன், ஒன்றுகூடக் கருகவில்லை. உட்காராமல் நின்றுகொண்டே இரண்டு பாட்டம் சுட்டேன். சாயங்காலம் மாடியில் பிள்ளைகளோடு மத்தாப்புக் கொளுத்தினேன். இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகு நான் மாடி ஏறி அவள் பார்ப்பது இதுவே முதல் முறை என்று ரெஜினா சொன்னாள். இருக்காது என்றேன். யோசித்துப் பார்த்தால் இருக்கும் போலிருக்கிறது.

நவம்பர் 8, சனி

சயனாவிலிருந்து பதில் வரவில்லை, கம்பெனி ஊழியர் ஒருவரே நேரில் வந்துவிட்டார். மாதிரி முகமூடி ஒன்று கொண்டுவந்திருந்தார், சின்ன முகத்துக்கென்று புதிதாகச் செய்தது. ஒரு வாரம் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அங்கேயே போட்டுப் பார்த்தேன். வார் காதை அறுக்கிறது, மூக்குத் தண்டில் இடிக்கிறது, நிறம் ஆஸ்பத்திரி பக்கெட் போல இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தாட்சாயணியும் ரெஜினாவும் ஆளுக்கொரு முறை போட்டுப் பார்த்துத் தங்கள் பங்குக்கும் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் தண்ணீர் கேட்டார்.

பங்கு விலை இறங்கின இடத்திலேயே கிடக்கிறது. அடுத்த மாதிரி வரும்வரை விற்கப்போவதில்லை. எழுதி வைத்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

காலையில் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனால் இவர் எழுந்திருக்கவில்லை. அசையாமல் ஒருக்களித்துக் கிடந்தார். குறட்டைகூட லேசாகத்தான். ராத்திரி ஒரு முறையாவது விழித்தீர்களா என்று கேட்க ஆளில்லை. காபியை நானே குடித்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்படியே இருந்தார். இட்லி ஊற்றிவிட்டு வந்து பார்த்தேன். கடைப் பையன்கள் ஷட்டர் முன்னால் காத்திருப்பார்கள். அலாரத்தை அமுக்கினேன், போனைச் சத்தமில்லாமல் வைத்தேன், சாவியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

கடையில் உட்கார்ந்து எத்தனையோ வருடமாகிறது. அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி போர்வெல் மோட்டார் கேட்டு வந்தார். கல்லாவில் என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"அண்ணன் இல்லீங்களாக்கா?"

"வீட்ல தூங்கறாருங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏனுங், ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க. நெம்ப நாள் தூக்கம் பாக்கி கெடக்குது. தீர்த்துட்டு வருவாரு."

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆழம் சொன்னார், நான் மோட்டார் எடுத்துக் காட்டினேன். பேரம் பேசினார், நானும் பேசினேன். விற்றுவிட்டேன்.

இவர் மத்தியானம்தான் வந்தார். தலை வாரவில்லை, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, கன்னத்தில் தலையணைக் கோடு. பில்லைப் பார்த்தார். இந்த மோட்டாரை இந்த விலைக்கு எந்த மடையன் கொடுப்பான் என்று ஆரம்பித்தார். சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். ரோடு தாண்டும்போதும் திட்டினார், இலை போட்ட பிறகும் திட்டினார், பாயசம் வரும்வரை நிறுத்தவில்லை. இவ்வளவு தெம்பாக இவர் என்னைத் திட்டிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன்.